கைமாறும் பொறுப்பு: ஆஸ்திரேலிய நிலக்கரித் தீர்ப்புகள் – ஒரு திறனாய்வு

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பயிலும் மாணவர் உள்ளத்தில் இயல்பாகவே ஒரு வினா எழும். கோவலனைக் கொன்றவர் யார்? பொய்ப்பழி சாற்றியவன் பொற்கொல்லன். வாளை ஓங்கியவன் காவலன். பாண்டியனோ கொலைக்களத்தின் பக்கமே சென்றவன் அல்லன். அவன் வாயிலிருந்து ஓர் ஆணை பிறந்தது, அவ்வளவே. அவன் எண்ணியிருந்தால் பொற்கொல்லனைக் கைகாட்டித் தப்பியிருக்கலாம். வெட்டியவன் காவலன் என்றும் வாதிட்டிருக்கலாம். ஆயின், உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்த கணத்தில் அவன் எவரையும் கைகாட்டவில்லை. ஆராயாது ஆணையிட்ட குற்றம் தன்னுடையதே என ஏற்றான். தீமை பல கைகளைக் கடந்து நிகழ்ந்தாலும், அதைத் தடுக்கும் அதிகாரம் எவரிடம் இருந்ததோ அவரே முதலில் விடைகூறக் கடமைப்பட்டவர் என்பது இளங்கோவடிகள் காட்டும் நீதி.

அதே வினா இன்று நிலக்கரியை முன்னிட்டு எழுந்துள்ளது. நிலத்தைத் தோண்டுவது ஒரு நிறுவனம். அதற்கு உரிமம் வழங்குவது அரசு. கரியைச் சுமந்து செல்வது கப்பல். அதை எரிப்பது பிறிதொரு நாட்டின் மின்நிலையமோ எஃகு ஆலையோ. புகையோ எல்லார்க்கும் பொதுவான வானில் கலந்துவிடுகிறது. புவியின் வெப்பம் உயர்ந்து தீங்கு விளையும்போது, பொறுப்பு யாருடையது என வினவினால், ஒவ்வொருவரும் அடுத்தவரையே சுட்டுகின்றனர். இவ்வாறு கைமாறிச் செல்லும் பொறுப்பை ஓரிடத்தில் நிறுத்த முடியுமா என்பதை ஆஸ்திரேலிய நீதிமன்றங்கள் 2019ஆம் ஆண்டு முதல் சில வழக்குகளில் ஆராய்ந்துள்ளன. உலகில் நிலக்கரியை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஆஸ்திரேலியாவும் ஒன்று. ஆகவே அந்நாட்டு நீதிபதிகள் கூறிய விடைகள் அந்நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. அத்தீர்ப்புகளின் வலிமையையும் வலிமைக் குறைவையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரியும் காற்றும்

தீர்ப்புகளுக்குள் புகுமுன் ஓர் எளிய கணக்கை மனத்தில் இருத்துதல் நலம். நிலக்கரியின் பெரும்பகுதி கரிமம். 12 பங்கு எடையுள்ள கரிமம் எரியும்போது காற்றிலுள்ள 32 பங்கு பிராணவாயுவுடன் கூடி 44 பங்கு கரியமில வாயுவாகிறது. எரித்த கரியைவிட எழுந்த வாயுவின் எடை மிகுதியாக இருப்பது இதனால்தான். கண்ணாடிக் குடில் வெப்பத்தை உள்ளே தக்கவைப்பது போல் இவ்வாயு புவியின் வெப்பத்தைத் தக்கவைப்பதால், இதனையும் இதனை ஒத்த பிற வாயுக்களையும் பசுமைக்குடில் வாயுக்கள் என்பர்.

ஒரு சுரங்கத்திலிருந்து எழும் வாயு இருவகைப்படும். தோண்டும் பொறிகள் எரிக்கும் டீசல், சுரங்கத்திற்கு வேண்டிய மின்சாரம், கரிப்படுகையிலிருந்து கசியும் மீத்தேன் ஆகியவற்றால் எழுவது ஒருவகை. இது சுரங்கத்தோடு ஒட்டியது, அளவில் சிறியது. வெட்டி எடுத்த கரியைப் பிறர் வாங்கி எரிப்பதால் எழுவது மற்றொரு வகை. இது சுரங்கத்திற்கு அப்பால் நிகழ்வது. அளவில் மிகப் பெரியது. சுரங்க நிறுவனங்கள் முன்னதற்குக் கணக்குக் காட்டும். பின்னதைத் தம் கணக்கில் சேர்க்க மறுக்கும். வழக்கின் உயிர்நாடி இங்கேதான் உள்ளது.

ராக்கி ஹில் தீர்ப்பு

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு வடக்கே, மலைகள் சூழ்ந்த அழகிய பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் குளோஸ்டர். அவ்வூரின் அருகே ராக்கி ஹில் என்னும் திறந்தவெளிச் சுரங்கத்தை அமைக்க ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. 16 ஆண்டுகளில் 21 மில்லியன் டன் நிலக்கரியை எடுப்பது திட்டம். எஃகு உருக்கப் பயன்படும் உயர்வகைக் கரி அது. மாநில அமைச்சரின் சார்பில் முடிவு செய்யும் ஆணையம் 2017இல் அனுமதி மறுத்தது. நிறுவனம் நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றத்தை நாடியது. ஊர்மக்களின் அமைப்பு ஒன்றும் வழக்கில் தன்னைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டி, பருவநிலை பற்றிய சான்றுகளை நீதிமன்றத்தின் முன் வைத்தது. தலைமை நீதிபதி பிரயன் பிரெஸ்டன் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அத்திட்டத்தை மறுத்துத் தீர்ப்பளித்தார்.

அத்திட்டத்தால் எழக்கூடிய வாயுவின் மொத்த அளவு குறைந்தது 38 மில்லியன் டன் என மதிப்பிடப்பட்டது. இதில் சுரங்கத்தோடு ஒட்டியது ஏறத்தாழ 1.8 மில்லியன் டன்னே. எஞ்சிய 36 மில்லியன் டன்னுக்கும் மேற்பட்டது கரியைப் பிறர் எரிப்பதால் எழுவது. அஃதாவது, நிறுவனம் தன்னுடையது என ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தது நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு. எஞ்சிய தொண்ணூற்றைந்து பங்கும் வேறு யாருடைய கணக்கிலோ சேர வேண்டியவை என விடப்பட்டன.

இத்தீர்ப்பின் சிறப்பு, பழகிப்போன மூன்று சாக்குகளைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்து விடையளிப்பதாகும். கரியை எரிப்பவர் பிறர் என்பது முதற் சாக்கு. எரிவது எங்கே என்பது பொருட்டன்று. தோண்டுதலுக்கும் எரிதலுக்கும், எரிதலுக்கும் தீங்கிற்கும் இடையே காரண காரியத் தொடர்பு உண்டு என நீதிபதி கொண்டார். ஆகவே நேர்முகமாகவும் மறைமுகமாகவும் எழும் வாயு முழுவதையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்றார்.

உலகம் முழுவதும் எழும் வாயுவோடு ஒப்பிட்டால் இது கடலில் கரைத்த பெருங்காயம் என்பது இரண்டாம் சாக்கு. உலகளாவிய இடர் என்பது எண்ணற்ற சிறு இடங்களில் எழும் வாயுவின் தொகுப்பேயாகலின், அதனைக் குறைப்பதும் எண்ணற்ற சிறு இடங்களில்தான் நிகழ இயலும் என்பது நீதிபதியின் விடை. சிறுதுளி பெருவெள்ளம் என்பதை அறிந்த தமிழ் மாணவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. துளி சிறியது என்பதால் வெள்ளத்தில் அதற்குப் பங்கில்லை என்று கூற முடியாது.

இந்தச் சுரங்கம் இல்லையேல் உலகச் சந்தை வேறொரு நாட்டின் கரியை வாங்கிக்கொள்ளும் என்பது மூன்றாம் சாக்கு. மூன்றிலும் தந்திரம் மிக்கது இதுவே. இதற்கு நீதிபதி இரு விடைகள் தந்தார். வேறொரு சுரங்கம் கட்டாயம் தோன்றும் என்பதற்குச் சான்றில்லை என்பது ஒன்று. அப்படியே தோன்றினும், ஒரு செயலால் விளையும் தீங்கு, அதே தீங்கைப் பிறரும் செய்வர் என்பதனால் ஏற்கத்தக்கதாகிவிடாது என்பது மற்றொன்று. முன்னது பொருளியல் விடை, பின்னது அறவிடை. ‘அவனும் செய்தான்’ என்று கூறும் சிறுவனிடம், ‘நீ செய்தது என்ன?’ என்று ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு நிகரானது இப்பின்னது.

எனினும் இத்தீர்ப்பை மிகைப்படப் புகழ்தல் திறனாய்வாகாது. பள்ளத்தாக்கின் காட்சியழகிற்கும் ஊர் மக்களின் வாழ்விற்கும் நேரும் கேடுகளே அனுமதி மறுக்கப் போதுமானவை என்றும், பருவநிலைக் கேடு அவற்றோடு சேரும் மேலும் ஒரு காரணம் என்றும் நீதிபதி தெளிவாகவே குறித்துள்ளார். புதிய சுரங்கம் எதற்குமே இடமில்லை என்று அவர் கூறவில்லை. மேலும், அனுமதியை முதலில் மறுத்தது அரசின் சார்பில் இயங்கிய ஆணையமே. ஆகவே அரசின் முடிவுக்கு எதிராக எழுந்து நிற்க வேண்டிய நிலை நீதிமன்றத்திற்கு ஏற்படவில்லை. நிறுவனம் விடைகூற வேண்டியிருந்தது. அரசு விடைகூற வேண்டியிருக்கவில்லை.

அவ்வாண்டின் இறுதியிலேயே காற்று திசை மாறியது. கடல்கடந்து எரியும் கரியின் வாயுவைக் காரணங்காட்டி உரிமங்களுக்கு நிபந்தனை விதிப்பதைத் தடுக்கும் சட்ட வரைவொன்றை அம்மாநில அரசு 2019 அக்டோபரில் கொண்டுவந்தது. அவ்வரைவு சட்டமாகவில்லை. ஆயினும், நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்த ஆண்டிலேயே அரசு அதனை அடைக்க முனைந்தது கருதத்தக்கது.

மாணவர் தொடுத்த வழக்கு

அரசே நேரில் விடைகூற வேண்டிய நிலை அடுத்த வழக்கில் ஏற்பட்டது. நியூ சவுத் வேல்ஸிலுள்ள விக்கரி என்னும் சுரங்கத்தை விரிவாக்க அனுமதி கோரப்பட்டபோது, அஞ்சலி சர்மா முதலிய பள்ளி மாணவர் எண்மர் 2020இல் கூட்டரசு நீதிமன்றம் சென்றனர். வயது நிரம்பாத அவர்களின் சார்பில் முதிய கன்னியாஸ்திரீ ஒருவர் வழக்கை நடத்தும் காப்பாளராக நின்றார். விரிவாக்கத்தால் கூடுதலாக எழும் கரியமில வாயு 100 மில்லியன் டன். இளந்தலைமுறைக்குத் தீங்கு நேராமல் காக்கும் கடமை சுற்றுச்சூழல் அமைச்சருக்கு உண்டு என்பது மாணவர்களின் வாதம்.

நீதிபதி மோர்டெகாய் பிராம்பெர்க் 2021ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அக்கடமை உண்டு எனத் தீர்ப்பளித்தார். இன்றைய ஆஸ்திரேலியக் குழந்தைகளுள் ஒரு மில்லியன் பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கடும் வெப்பத்தாக்குதலால் மருத்துவமனையில் சேர்க்கப்படக்கூடும் என்ற சான்றை அவர் ஏற்றுக்கொண்டார். அவர் காட்டிய காரணங்களில் மூன்று முதன்மையானவை. தீங்கு நேரும் என்பதை முன்கூட்டியே அறிய முடிகிறது. அதனைத் தடுக்கும் அதிகாரம் அமைச்சர் கையில் உள்ளது. பாதிக்கப்படுவோர் வாக்குரிமையும் இல்லாத சிறுவர். அறிவு, அதிகாரம், எளியோரின் நிலை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் பொறுப்புப் பிறக்கிறது என்பது இதன் சாரம். பாண்டியன் அவையில் எழுந்த நீதியோடு இஃது ஒத்திருப்பதைக் காணலாம். எனினும் சுரங்கத்தைத் தடுக்குமாறு ஆணையிட அவர் மறுத்துவிட்டார். அமைச்சர் அவ்வாண்டே அனுமதியும் வழங்கினார்.

2022ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அடங்கிய முழு அமர்வு அத்தீர்ப்பை ஒருமனதாக மாற்றியது. முடிவு ஒன்றாயினும் மூவர் கூறிய காரணங்கள் வெவ்வேறு. இது மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியாளர் முடிவு செய்ய வேண்டிய கொள்கை. நீதிமன்றம் அளந்தறியத் தக்கதன்று என்பது ஒன்று. அமைச்சருக்கும் சிறுவர்க்கும் இடையே சட்டம் வேண்டும் நெருக்கம் இல்லை என்பது மற்றொன்று. அமைச்சர் அதிகாரம் பெறும் சட்டம் இத்தகைய உறவை ஏற்படுத்தவில்லை என்பது பிறிதொன்று.

இம்மூன்றும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. கொள்கை வகுக்கும் உரிமை நீதிபதிகளுக்கு வந்துவிட்டால், நாளை வேறொரு நீதிபதி வேறொரு கொள்கையை வகுக்க நேரும். அதனை மக்கள் வாக்கால் மாற்றவும் இயலாது. இவ்வச்சம் நேர்மையானது. ஆயின், அமைச்சர் பருவநிலை அறிவியலை மறுத்து வாதிடவில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். தீங்கு உண்டு என்பது மறுக்கப்படாமலே, அத்தீங்கிற்கு விடைகூறும் கடமை இல்லை என்ற முடிவு எட்டப்பட்டது. சட்ட நோக்கில் இது பொருந்தலாம். அறநோக்கில் இவ்விடைவெளி உறுத்தாமல் இருக்க முடியாது. மேலும், தேர்தலில் தீர்த்துக்கொள்க என்னும் விடை, வாக்களிக்கும் வயதை எட்டாத மாணவர்க்குச் சொல்லப்பட்ட விடை என்பதும் மறத்தற்கரியது.

மண்ணில் அமர்ந்த நீதிமன்றம்

மூன்றாம் வழக்கு குயீன்ஸ்லாந்து மாநிலத்தது. அங்குள்ள கலிலீ படுகையில் வாராட்டா நிறுவனம் மாபெரும் சுரங்கம் ஒன்றைத் தொடங்க முனைந்தது. அதன் கரி எரிந்தால் எழக்கூடிய வாயு 1.58 பில்லியன் டன். ராக்கி ஹில்லின் அளவைப்போல் நாற்பது மடங்கிற்கும் மிகுதி. ‘யூத் வெர்டிக்ட்’ என்னும் இளைஞர் அமைப்பு எதிர்த்து வழக்காடியது. மாநிலத்தின் மனித உரிமைச் சட்டம் அவர்தம் படைக்கலன்.

நில நீதிமன்றத் தலைவர் பிளர் கிங்காம் இவ்வழக்கை நடத்திய முறை தனித்துக் குறிக்கத்தக்கது. பூர்வகுடி மக்களின் சான்றுகளை நகரத்து மண்டபத்திற்கு வரவழைத்துக் கேட்பதோடு நிறுத்தாமல், டோரஸ் நீரிணையிலுள்ள எருப், பொருமா ஆகிய தீவுகளுக்கு நீதிமன்றமே சென்றது. கடல் அரிக்கும் கரையைக் கண்முன் கொண்டே அவர்கள் சான்று பகர்ந்தனர். 2022ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், அனுமதி வழங்கலாகாது என அவர் பரிந்துரைத்தார். உயிர் வாழும் உரிமை, குழந்தைகளின் உரிமை, பூர்வகுடி மக்களின் பண்பாட்டு உரிமை முதலியவற்றை இச்சுரங்கம் நியாயமின்றிக் குறுக்கும் என்பது அவர் கண்ட முடிவு. ‘நாங்கள் இல்லையேல் பிறர்’ என்னும் சாக்கு இங்கும் செல்லவில்லை. இம்முடிவு கட்டளையன்று, பரிந்துரை மட்டுமே. எனினும் மாநில அரசு 2023இல் சுற்றுச்சூழல் உரிமத்தை மறுத்தது.

மாணவர் வழக்கில் மூடிய கதவு இவ்வழக்கில் திறந்ததற்குக் காரணம், நீதிபதியின் மனத்துணிவு மட்டுமன்று. முன்னதில் பழைய பொதுச்சட்டத்தை நீட்டிப் புதியதொரு கடமையை உருவாக்க வேண்டியிருந்தது. பின்னதிலோ, மனித உரிமையைக் கருத்திற்கொள்ளுமாறு மக்கள் மன்றம் இயற்றிய சட்டமே கட்டளையிட்டது. நீதிபதி அதனை நிறைவேற்றினார். சட்டத்தில் எழுதப்பட்ட கடமையே ஆட்சியாளரை விடைகூறச் செய்யும் என்பது இவ்விரு வழக்குகளையும் ஒப்பிட்டுப் பெறும் பாடம்.

இப்பாடத்தை 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் மேலும் உறுதிசெய்தது. டோரஸ் நீரிணையின் போய்கு, சைபாய் தீவுகளைச் சேர்ந்த தலைவர் இருவர் கூட்டரசின் மீது தொடுத்த வழக்கில், ஜூலை 15ஆம் நாள் நீதிபதி மைக்கேல் விக்னி அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். வாயுவைக் குறைக்கும் இலக்குகளை 2015, 2020, 2021ஆம் ஆண்டுகளில் வகுத்தபோது அரசு சிறந்த அறிவியலைப் பொருட்படுத்தவில்லை என்று கண்டும், பொதுச்சட்டத்தில் பரிகாரம் இல்லை என்றார். எட்டு நாள் கழித்து, அனைத்துலக நீதிமன்றம் தன் கருத்துரையை வெளியிட்டது. பருவநிலையைக் காக்க உரிய நடவடிக்கை எடுக்கத் தவறுவதும், கரி, எண்ணெய் முதலியவற்றைத் தோண்ட உரிமம் வழங்குவதும், அவற்றுக்கு மானியம் அளிப்பதும் ஒரு நாட்டின் சட்டப்பிழையாகக் கருதப்படலாம் என அது கூறியது. அக்கருத்துரை எவரையும் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆயினும், அதனைக் கோரும் முயற்சி 2019இல் தென்பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் 27 பேரிடம் தொடங்கியது என்பதையும், வனுவாத்து என்னும் சிறுநாடு அதனை ஐக்கிய நாடுகள் மன்றம் வரை கொண்டு சென்றது என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும்.

எடைபோடுதல்

இத்தீர்ப்புகளைச் சேர்த்துக் காணுமிடத்து ஒன்று புலனாகிறது. நிலக்கரி நிறுவனங்களின் சாக்குகள் அறிவு நிலையில் வலுவிழந்து வருகின்றன. அரசுகளின் சாக்கோ இன்னும் சட்டத்தின் அரணுக்குள் இருக்கிறது. தோண்டுபவனை நோக்கி ‘நீயும் பொறுப்பு’ எனக் கூறும் துணிவு நீதிமன்றங்களுக்கு வந்துள்ளது. உரிமம் தருபவரை நோக்கி அவ்வாறு கூறும் துணிவு அத்தனை எளிதில் வரவில்லை. ஒரு சுரங்கத்தை நிறுத்தும் தீர்ப்பு அந்தச் சுரங்கத்தையே நிறுத்தும். அடுத்த மேசையில் மற்றொரு சுரங்கத்திற்கு உரிமம் கையெழுத்தாவதைத் தடுக்காது.

மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. அரசு தந்த உரிமத்தின்கீழ்ச் சட்டப்படி உழைத்துச் சுரங்கத்தையே வாழ்வாகக் கொண்ட தொழிலாளர் குடும்பங்கள் பல. பழியை அவர்கள் தலையில் இறக்கிவிட்டு உரிமம் தந்தவர் விலகிக்கொள்வாராயின், அதுவும் பொறுப்பைக் கைமாற்றுவதே ஆகும். சுரங்கத்தை மூடச்சொல்லும் அரசு, மாற்றுத் தொழிலுக்கும் வழிகாட்டக் கடமைப்பட்டது.

எரிப்பவர் பொறுப்பும் உண்டு. பேராவின் மஞ்சோங், நெகிரி செம்பிலானின் ஜிமா, ஜொகூரின் தஞ்சோங் பின் ஆகிய இடங்களில் உள்ள மின்நிலையங்கள் நிலக்கரியால் இயங்குகின்றன. மலேசியா இறக்குமதி செய்யும் கரி இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. ‘எரிப்பவர் பிறர்’ என்று அங்கே கூறப்படும் ‘பிறர்’ வேறெவருமல்லர். இங்கே வகுப்பறையில் விசிறியின்கீழ் அமர்ந்திருப்போரும் அவருள் அடங்குவர். தோண்டுபவர் எரிப்பவரைச் சுட்ட, எரிப்பவர் தோண்டுபவரைச் சுட்டினால், பொறுப்பு கடலின் நடுவே மூழ்கிவிடும். பிரெஸ்டனின் தீர்ப்பு இங்கும் பொருந்துகிறது: ஒருவர் பொறுப்பு மற்றவர் பொறுப்பைக் குறைப்பதில்லை.

கண்ணகியிடம் படையில்லை; பதவியில்லை. கையில் ஒரு சிலம்பும் நெஞ்சில் ஒரு வினாவும் மட்டுமே இருந்தன. அவள் கொண்டுசென்றது சான்று. ஆகவேதான் மன்னனால் மறுக்க இயலவில்லை. குளோஸ்டர் மக்களும், மாணவர் எண்மரும், தீவு மக்களும் அரசின் முன்னும் நிறுவனத்தின் முன்னும் எடுத்துச் சென்றவையும் சான்றுகளே. அவற்றுள் சில வென்றன, சில தோற்றன. தோற்ற வழக்கிலும் சான்று பொய்யாகவில்லை. ஆகலின், வழக்குரை காதையைப் பயிற்றும் ஆசிரியர், பாண்டியனின் வீழ்ச்சியோடு பாடத்தை முடித்துவிடாமல், ஆணையிடும் அதிகாரம் உடையவர் இன்று யாவர், அவர் எதனை ஆராயாது ஆணையிடுகின்றனர் என்னும் வினாவையும் மாணவரிடம் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவைச் சான்றோடு கேட்கப் பழகிய தலைமுறையின் முன் பொறுப்பு நெடுநாள் கைமாறிக்கொண்டே இருத்தல் அரிது.